ஒலிம்பியாவின் சபா மண்டபம்: நடுவருக்கு நடுவர் யார்?

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறும் வேளையில் உலகின் கண்கள் ஓடுபாதையின் மீதே பதிந்திருக்கும். யார் முந்தினார், எத்தனை விநாடிகளில் ஓடி முடித்தார், எந்த நாட்டின் கொடி ஏறியது என்பவையே செய்தி. பத்திரிகைக்காரனாகிய நானும் பல தசாப்தங்களாக அவ்வாறான செய்திகளையே எழுதியும் திருத்தியும் வந்திருக்கிறேன். ஆனால், ஓடுவதற்கு யாருக்குத் தகுதி உண்டு, எந்தப் பிரிவில் ஓடவேண்டும், நடுவரின் தீர்ப்பு பிழை என்றால் யாரிடம் முறையிடுவது என்பவையெல்லாம் ஓடுபாதையில் தீர்மானிக்கப்படுபவை அல்ல. கூட்டத்தின் ஆரவாரம் எட்டாத வேறோர் இடத்திலேயே அவை முடிவாகின்றன. பண்டைய ஒலிம்பியாவில் அதற்கென்றே ஒரு கட்டடம் இருந்தது. அந்தக் கட்டடத்தைப் பற்றியும், அது நமக்கு இன்றும் எழுப்பும் ஒரு கேள்வியைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

கிரேக்கர் அதனை பூலெயுதேரியோன் என்று அழைத்தனர். பூலே என்றால் சபை. ஆகவே நாம் அதனைச் சபா மண்டபம் எனலாம். ஏதென்ஸ் உட்படப் பல கிரேக்க நகரங்களில் இவ்வாறான மண்டபங்கள் இருந்தன. அங்கெல்லாம் வரி, போர், சட்டம் ஆகியன பற்றி ஆராயப்பட்டது. ஒலிம்பியாவின் மண்டபமோ வேறு வகையானது. ஒலிம்பியா ஒரு நகரம் அல்ல. மேற்குப் பெலொப்பொனேசில், அல்ஃபேயோஸ், கிளாதேயோஸ் ஆகிய இரு நதிகள் கூடுமிடத்தில் அமைந்த சியுஸ் கடவுளின் திருத்தலம் அது. அதனை நிருவகித்தவர்கள் அயலிலிருந்த எலிஸ் அரசினர். அத்தலத்தையும் அங்கு நடைபெற்ற போட்டிகளையும் மேற்பார்வை செய்த ஒலிம்பிக் சபையின் இருப்பிடமே இந்த மண்டபம்.

புனித வளாகத்திற்குச் சற்று வெளியே, சியுஸ் ஆலயத்திற்குத் தெற்கே அது அமைந்திருந்தது. ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு நீண்ட கட்டடங்கள். இரண்டினதும் மேற்கு முனைகள் அரைவட்டமாக வளைந்திருந்தன. மிகப் பழைய பகுதி கி.மு. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டிற்கும் நடுவே ஒரு சதுர அமைப்பு. பிற்காலத்தில் இம்மூன்றையும் இணைத்துக் கிழக்குப் புறத்தில் அயோனியத் தூண்கள் கொண்ட முன்மண்டபம் ஒன்று எழுப்பப்பட்டது. 1875 ஆம் ஆண்டு ஜேர்மனியத் தொல்லியலாளர்கள் ஒலிம்பியாவில் முறையான அகழ்வைத் தொடங்கிய பின்னர், மண்ணுக்கடியிலிருந்து இதன் அடித்தளங்கள் வெளிப்பட்டன. இன்று அங்கு எஞ்சியிருப்பவை தாழ்ந்த சுவர்களும் சில தூண் துண்டுகளுமே. ஒலிம்பியாவுக்குச் செல்லும் பயணிகள் சியுஸ் ஆலயத்தின் விழுந்த தூண்களின் அருகிலும் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டிலும் நின்று படம் எடுத்துக்கொள்வர். சபா மண்டபத்தின் அருகே அத்தனை கூட்டம் நிற்பதில்லை.

ஆனால் போட்டிகள் தொடங்குவதற்கு முன்னர் எல்லோரும் நிற்க வேண்டியிருந்த இடம் அதுதான்.

கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ், அம்மண்டபத்தில் இருந்த சியுஸ் சிலையைப் பற்றிக் குறிப்பிடுகிறார். சியுசின் சிலைகள் அனைத்திலும் தவறு செய்வோரை அதிகம் அச்சுறுத்துவது இதுவே என்பது அவரது கருத்து. மற்றச் சிலைகளில் ஒரு கையில் இடியேறு இருக்கும். இச்சிலைக்கோ இரு கைகளிலும் இடியேறு. சத்தியத்தைக் காக்கும் சியுஸ் என்பது அதன் பெயர். அதன் காலடியில் இருந்த வெண்கலத் தகட்டில் பொய்ச் சத்தியம் செய்வோருக்கு எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருந்தது. அதன் முன்னே, வெட்டப்பட்ட பன்றியின் இறைச்சித் துண்டுகளின் மீது சத்தியம் செய்யப்பட்டது.

சத்தியம் செய்தவர்கள் யார் என்பதே இங்கு முக்கியமானது. போட்டியாளர் மாத்திரம் அல்லர். அவரது தந்தை, சகோதரர்கள், பயிற்சியாளர் ஆகியோரும் ஒலிம்பிக் போட்டிகளுக்கு எதிராக எந்தக் குற்றமும் செய்வதில்லை என்று சத்தியம் செய்தனர். போட்டியாளர், தாம் தொடர்ந்து பத்து மாதங்கள் முறைப்படி பயிற்சி பெற்றதாகவும் மேலதிகமாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. மகன் வெல்ல வேண்டும் என்ற ஆசையில் முதலில் தடம்புரள்பவர் பெரும்பாலும் தந்தையே என்பதைக் கிரேக்கர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

அதன் பின்னர் நடுவர்களின் முறை. சிறுவர் பிரிவில் போட்டியிடும் சிறுவர்களையும், குதிரைப் பந்தயத்தில் ஓடும் இளங் குதிரைகளையும் பரிசோதித்துத் தரம் பிரிப்போர், தாம் கைக்கூலி பெறாமல் நேர்மையாகத் தீர்ப்பளிப்பதாகச் சத்தியம் செய்தனர். ஒருவரை ஏற்றாலும் நிராகரித்தாலும், அவரைப் பற்றித் தாம் அறிந்ததை வெளியிடுவதில்லை என்றும் உறுதி அளித்தனர்.

இதன் தேவையைச் சிந்தித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம் அது. எதிரே நிற்பவன் சிறுவனா, வளர்ந்த ஆளா என்பதை நடுவர் பார்வையாலேயே முடிவுசெய்ய வேண்டும். ஒருவனைச் சிறுவர் பிரிவில் சேர்த்தால் அவனுக்கு வெற்றி நிச்சயம். பெரியோர் பிரிவில் தள்ளினால் தோல்வி நிச்சயம். ஓட்டம் தொடங்குவதற்கு முன்னரே முடிவை எழுதிவிடக்கூடிய அதிகாரம் அந்த ஒற்றைப் பார்வையில் இருந்தது. அதனால்தான் இலஞ்சம் முதலில் தட்டும் கதவு எது என்று கண்டறிந்து, அக்கதவில் சத்தியத்தைக் காவல் வைத்தனர்.

பௌசானியஸ் பற்றி ஒரு சொல். சத்தியம் முடிந்த பின்னர் அந்தப் பன்றி இறைச்சியை என்ன செய்வார்கள் என்று கேட்கத் தாம் மறந்துவிட்டதாக அவர் எழுதுகிறார். இதை வாசித்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி ஏற்பட்டது. எனது மேசைக்கு வந்த நூற்றுக்கணக்கான செய்தி அறிக்கைகளில், கேட்க மறந்ததை மறந்தேன் என்று ஒப்புக்கொண்ட நிருபர்கள் மிகச் சிலரே. இவ்வாறு ஒப்புக்கொள்பவர் எழுதிய ஏனையவற்றை நம்பலாம் என்பது எனது அனுபவம்.

அந்தப் பௌசானியஸ் பதிவுசெய்துள்ள ஒரு வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம்.

கி.மு. 396 ஆம் ஆண்டு. ஒலிம்பிக் போட்டிகளில் மிகப் பழைமையானதும் பெருமைக்குரியதுமான குறுந்தூர ஓட்டம் நடைபெற்றது. முடிவுக் கோட்டில் மூன்று நடுவர்கள் நின்றனர். வென்றவர் எலிசைச் சேர்ந்த யூபொலெமோஸ் என்று இருவர் தீர்ப்பளித்தனர். இல்லை, அம்ப்ராக்கியாவைச் சேர்ந்த லேயோன் என்று மூன்றாமவர் கூறினார். பெரும்பான்மைத் தீர்ப்பின்படி யூபொலெமோசுக்கு முடி சூட்டப்பட்டது. நடுவர்கள் அனைவரும் எலிஸ் நாட்டவர்கள் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். வென்றவராக அறிவிக்கப்பட்டவரும் எலிஸ் நாட்டவரே.

லேயோன் சும்மா ஊர் திரும்பவில்லை. ஒலிம்பிக் சபையிடம் முறையிட்டார். சபை விசாரித்தது. யூபொலெமோசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த இரு நடுவர்களுக்கும் அபராதம் விதித்தது.

இது எளிதான செயல் அல்ல. ஒரு சபை தன் சொந்த நாட்டு நடுவர்களை, தன் சொந்த நாட்டு வீரனுக்குச் சார்பாக அவர்கள் வழங்கிய தீர்ப்புக்காக, ஓர் அந்நியனின் முறைப்பாட்டின் பேரில் தண்டித்தது. இன்றைய உலகிலும் இதற்கு ஈடான செயல்கள் அதிகம் இல்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. வெற்றி மாற்றப்படவில்லை. யூபொலெமோசே வெற்றியாளராக நீடித்தார். ஒலிம்பியாவில் அவரது சிலை எழுப்பப்பட்டது. பௌசானியஸ் அந்தச் சிலையைப் பற்றி எழுதும்போதுதான் லேயோனின் கதையையும் சொல்கிறார். நடுவர்களுக்குத் தண்டனை கிடைத்தது; பாதிக்கப்பட்டவனுக்கு முடி கிடைக்கவில்லை.

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் நிருபராகச் சேர்ந்த ஆரம்ப காலத்தில், பாடசாலைகளுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். நூறு மீற்றர் ஓட்டத்தின் முடிவில் மூன்று நடுவர்கள். இருவர் போட்டியை நடத்திய பாடசாலையின் மாணவனை முதலாவதாகக் குறித்தனர். மூன்றாமவர் தூர இடத்திலிருந்து வந்திருந்த வேறொரு மாணவனைக் குறித்தார். கோட்டின் அருகே நின்றிருந்த எனக்கும் அந்த இரண்டாவது பையனே முந்தியதாகத் தோன்றியது. அவனுடைய ஆசிரியர் முறையிட்டார். முறைப்பாட்டை விசாரித்த குழுவின் தலைவர் அதே பாடசாலையின் அதிபர். பத்து நிமிடங்களில் முறைப்பாடு தள்ளுபடியானது. பையன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எவருடனும் பேசாமல் பேருந்து தரிப்பிடத்தை நோக்கி நடந்தான்.

மறுநாள் பத்திரிகையில் எனது செய்தி வெளியாயிற்று. உத்தியோகபூர்வ முடிவை மாத்திரமே எழுதியிருந்தேன். ஒரு நடுவர் வேறுபட்டார் என்றோ, முறைப்பாடு ஒன்று இருந்தது என்றோ ஒரு வரிகூட எழுதவில்லை. இடமில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை. பௌசானியஸ் கேட்க மறந்தது பன்றி இறைச்சியைப் பற்றி. நான் கேட்க மறந்தது ஒரு மனிதனின் பெயரை.

எனவே ஒலிம்பியாவின் சபா மண்டபத்தை நான் வெறும் தொல்பொருளாகப் பார்ப்பதில்லை. நடுவர் பிழைசெய்தால் நடுவரை யார் விசாரிப்பது என்ற கேள்விக்கு மனிதர் தேடிய மிகப் பழைய விடைகளில் ஒன்றாகவே பார்க்கிறேன். அவ்விடையில் வலிமையும் உண்டு. பெரும் ஓட்டையும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் வலிமை. நடுவர்கள் பதவியேற்றவுடன் தீர்ப்பளிக்கத் தொடங்கவில்லை. பத்து மாதங்கள் எலிஸ் நகரில் ஒரு தனி இல்லத்தில் தங்கியிருந்து, சட்டக் காவலர் எனப்பட்டோரிடம் போட்டி விதிகளைக் கற்றனர். வீரனுக்குப் பத்து மாதப் பயிற்சி என்றால் நடுவருக்கும் பத்து மாதம். கி.மு. 348 முதல் நடுவர்களின் எண்ணிக்கை பத்து என்று நிலைபெற்றது.

தண்டனையும் வெறும் சொல்லாக இருக்கவில்லை. கி.மு. 388 இல் தெசலியைச் சேர்ந்த யூபோலோஸ் என்ற குத்துச்சண்டை வீரர் தம்மை எதிர்த்த மூவருக்குக் கைக்கூலி கொடுத்தமை அம்பலமாயிற்று. கொடுத்தவரும் வாங்கியவர்களும் அபராதம் செலுத்தினர். அப்பணத்தில் சியுசின் ஆறு வெண்கலச் சிலைகள் செய்யப்பட்டன. அவை ஓட்டத்திடலுக்குச் செல்லும் வழியில் வரிசையாக நிறுத்தப்பட்டன. பின்வந்த ஒவ்வொரு வீரனும் அவற்றைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். வெற்றியைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, கால்களின் வேகத்தாலும் உடலின் வலிமையாலுமே பெறவேண்டும் என்பதே அங்கு பொறிக்கப்பட்டிருந்த செய்தியின் கருத்து. அவ்வாறான பதினாறு பீடங்கள் இன்றும் அங்கு வரிசையாக இருக்கின்றன. சிலைகள்தாம் இல்லை.

கி.மு. 332 இல் ஏதென்சைச் சேர்ந்த கல்லிப்போஸ் என்பவர் ஐவகைப் போட்டியில் தம் எதிராளிகளுக்குப் பணம் கொடுத்தார். எலிஸ் அபராதம் விதித்தது. ஏதென்ஸ் தனது புகழ்பெற்ற பேச்சாளர் ஹைப்பெரீதேசை அனுப்பி, அபராதத்தை நீக்குமாறு வாதாடியது. எலிஸ் மறுத்தது. ஏதென்ஸ் பணத்தைக் கொடாமல் போட்டிகளைப் புறக்கணித்தது. இறுதியில், அபராதத்தைச் செலுத்தும்வரை ஏதெனியர்களுக்கு அருள்வாக்குக் கூற முடியாது என்று தெல்பிக் கடவுள் அறிவித்த பின்னரே பணம் வந்தது. அறிவிலும் செல்வத்திலும் புகழிலும் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஒரு நகரத்தின் முன் சிறிய எலிஸ் வளைந்துகொடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கி.மு. 12 இல் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. இம்முறை குற்றவாளி எலிஸ் நாட்டவரே. தமோனிக்கோஸ் என்பவர் தம் மகன் மல்யுத்தத்தில் வெல்ல வேண்டும் என்பதற்காக, எதிராளியின் தந்தைக்குப் பணம் கொடுத்தார். நடுவர்கள் மகன்மாரை விட்டுவிட்டுத் தந்தையர் இருவருக்கும் அபராதம் விதித்தனர். அப்பணத்தில் செய்யப்பட்ட சிலைகளுள் ஒன்றை எலிஸ் நகரின் சொந்த உடற்பயிற்சிக் கூடத்திலேயே நிறுத்தினர். தந்தையிடம் சத்தியம் வாங்கியதன் பொருள் அன்று விளங்கிற்று.

இனி ஓட்டைக்கு வருவோம்.

வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தஸ் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். எகிப்தில் ப்சம்மிஸ் மன்னன் ஆண்ட காலம், அதாவது கி.மு. 6 ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எலிசிலிருந்து ஒரு தூதுக்குழு அங்கு சென்றது. தமது ஒலிம்பிக் விதிகளைப் போல நீதியான விதிகள் உலகில் இல்லை என்றும், எகிப்தின் அறிஞர்களாலும் இதைவிடச் சிறந்ததைக் கூற முடியாது என்றும் அவர்கள் பெருமை பேசினர். எகிப்தியர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டனர். உங்கள் நாட்டவரும் இப்போட்டிகளில் கலந்துகொள்கிறார்களா? ஆம், எல்லாக் கிரேக்கரையும் போல எங்கள் நாட்டவரும் கலந்துகொள்ளலாம் என்றனர் தூதர்கள். அப்படியானால் உங்கள் விதி முழுவதும் நீதி தவறியது, சொந்த ஊரானுக்குச் சார்பாக நடந்துகொள்ளாதிருக்க உங்களால் முடியாது, நீதி வேண்டுமென்றால் உங்கள் நாட்டவரைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுங்கள் என்று எகிப்தியர்கள் கூறினர்.

எலிஸ் அந்த அறிவுரையை ஏற்கவில்லை. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்து, கி.மு. 372 இல், துரோய்லோஸ் என்ற எலிஸ் நாட்டவர் நடுவராக இருந்துகொண்டே இரு குதிரைப் பந்தயங்களில் வெற்றி பெற்றார். அதன் பின்னரே, இனி எந்த நடுவரும் பந்தயத்திற்குக் குதிரைகளை அனுப்பக்கூடாது என்று சட்டம் இயற்றப்பட்டது. அப்போதும் விலக்கப்பட்டது நடுவரின் குதிரை மாத்திரமே. நடுவரின் நாட்டவன் விலக்கப்படவில்லை.

இந்த ஓட்டை விளையாட்டோடு நிற்கவில்லை. கி.மு. 420 இல், ஒலிம்பிக் சமாதான காலத்தில் லெப்ரியோன் என்ற இடத்திற்குப் படை அனுப்பியதாக ஸ்பார்ட்டாவின் மீது எலிஸ் குற்றஞ்சாட்டியது. போர்வீரன் ஒருவனுக்கு 2 மினா வீதம், 1,000 வீரர்களுக்கு 2,000 மினா அபராதம் விதித்தது. தாம் படை அனுப்பியபோது சமாதானம் ஸ்பார்ட்டாவில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை என்று ஸ்பார்ட்டா வாதிட்டது. சமாதானத்தை முதலில் தமது நாட்டிலேயே அறிவிப்பது வழக்கம், அறிவித்தும் ஆயிற்று என்றது எலிஸ். லெப்ரியோன் யாருக்குரியது என்பதில் இரு நாடுகளுக்கும் ஏற்கெனவே தகராறு இருந்தது. அதாவது, சமாதானத்தை அறிவித்தவரும் எலிஸ், அது மீறப்பட்டதாக முறையிட்டவரும் எலிஸ், தீர்ப்பளித்தவரும் எலிஸ். ஸ்பார்ட்டா குற்றமற்றது என்று நான் கூறவரவில்லை. ஆனால் வழக்காளியே நீதவானாக அமர்ந்த ஒரு வழக்கில், தீர்ப்பு சரியாக இருந்தாலும் அதனை எவர் நம்புவார்?

ஸ்பார்ட்டாவுக்குத் தடை விதிக்கப்பட்டது. அந்நாட்டவரான லிக்காஸ் தம் தேரைத் தீப்ஸ் தலைமையிலான பொயோத்தியர்களின் பெயரில் ஓடவிட்டார். தேர் வென்றது. தேர் தம்முடையதே என்று காட்டுவதற்காக அவர் திடலில் இறங்கித் தேரோட்டிக்கு வெற்றிப் பட்டியைக் கட்டியபோது, காவலர்கள் அவரை அடித்தனர்.

அதற்கு அடுத்த தலைமுறையில் சபா மண்டபமே போர்க்களமாயிற்று. கி.மு. 364 இல் ஆர்க்காதியர்கள் ஒலிம்பியாவைக் கைப்பற்றி, பீசாட்டியர்களுடன் சேர்ந்து போட்டிகளை நடத்தினர். ஐவகைப் போட்டியின் ஓட்டங்கள் முடிந்து மல்யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எலிஸ் படை வளாகத்தைத் தாக்கியது. சபா மண்டபத்துக்கு அருகே கைகலப்பு மூண்டது. மண்டபத்தின் மேலிருந்தும் ஆலயத்தின் மேலிருந்தும் எலிஸ் வீரர்கள் மீது எறிபொருட்கள் வீசப்பட்டன என்று செனபோன் எழுதுகிறார். நீதி தவறமாட்டோம் என்று சத்தியம் வாங்கிய மண்டபத்தின் கூரையே போரில் அரணாகப் பயன்பட்டது. போட்டிகளை நிருவகிக்கும் உரிமை பொறுப்பு என்ற நிலையிலிருந்து விலகி, கைப்பற்ற வேண்டிய ஆதனமாக மாறியதன் விளைவு இது. பின்னர் எலிஸ் தன் உரிமையை மீட்டுக்கொண்டது. அந்த ஆண்டின் ஒலிம்பிக் போட்டி நடைபெறவே இல்லை என்பதுபோல் அதனைத் தன் பதிவிலிருந்து நீக்கிவிட்டது.

இன்னொரு நீக்கமும் உண்டு. உரோமப் பேரரசன் நீரோவுக்காகப் போட்டிகள் கி.பி. 67 க்கு ஒத்திவைக்கப்பட்டன. அவன் பத்துக் குதிரைகள் பூட்டிய தேரை ஓட்டினான், விழுந்தான், பந்தயத்தை முடிக்கவும் இல்லை. ஆயினும் முடி அவனுக்கே சூட்டப்பட்டது. நடுவர்களுக்குப் பெருந்தொகை அன்பளிப்பாகக் கிடைத்தது. அவன் இறந்த பின்னர், புதிய பேரரசன் கல்பா 250,000 திராக்மாவைத் திருப்பித் தருமாறு நடுவர்களைக் கேட்டான். அந்த ஒலிம்பிக் போட்டியும் எலிசின் பதிவில் இடம்பெறவில்லை. அதே மண்டபம், இரு கைகளிலும் இடியேறு ஏந்திய அதே சியுஸ். அதிகாரம் நேரில் வந்து நின்றபோது அந்த இடியேறுகளால் எவரையும் அச்சுறுத்த முடியவில்லை.

இங்கேதான் எனது கருத்தைத் தெளிவாகக் கூறவேண்டும். அம்மண்டபத்தில் வீரன் சத்தியம் செய்தான். தந்தையும் சகோதரனும் பயிற்சியாளனும் சத்தியம் செய்தனர். நடுவர்களும் செய்தனர். ஆனால் நடுவருக்கு மேலேயிருந்த சபையை விசாரிக்க வெளியே எவரும் இருக்கவில்லை. சபையில் நல்லவர்கள் இருந்த காலத்தில் லேயோனின் முறைப்பாடு கேட்கப்பட்டது; ஏதென்சின் செல்வாக்கு எடுபடவில்லை. பகைமையோ பேரரசனோ உள்ளே நுழைந்த காலத்தில் அதே சபை தடம்புரண்டது. நல்லவர்களை நம்பி நிற்கும் நீதி அந்த நல்லவர்கள் இருக்கும்வரைதான் நிற்கும். எகிப்தியர்கள் சுட்டிக்காட்டியது எலிஸ் மக்களின் குணத்தை அல்ல. அவர்கள் அமர்ந்திருந்த இடத்தை.

நம் காலத்து ஒலிம்பிக் இயக்கம் இதிலிருந்து பாடம் கற்றதா? மிக மெதுவாகவே கற்றது. சர்வதேச ஒலிம்பிக் குழு 1894 இல் அமைக்கப்பட்டது. வீரர்களின் சத்தியப்பிரமாணம் 1920 இல் அன்ட்வேர்ப்பில் முதன்முதலாக எடுக்கப்பட்டது. நடுவர்களுக்கான பிரமாணம் கோடைகால ஒலிம்பிக் போட்டிகளில் 1972 இல், மியூனிச்சில்தான் வந்தது. பயிற்சியாளர்களுக்கானது 2012 இல், லண்டனில். பண்டைய ஒலிம்பியா ஒரே மண்டபத்தில் செய்வித்ததை மீட்டெடுக்க நவீன ஒலிம்பிக்கிற்கு 92 ஆண்டுகள் தேவைப்பட்டன. இடையில், சோல்ட் லேக் சிட்டிக்குப் போட்டிகளை வழங்கிய விவகாரத்தில் அன்பளிப்புகள் பெற்றமை அம்பலமானதால், 1999 இல் ஒலிம்பிக் குழுவிலிருந்தே ஆறு உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர். சபையும் சத்தியம் செய்யவேண்டும் என்பது அப்போது விளங்கியது.

விளையாட்டுக்கான நடுத்தீர்ப்பு மன்றம் 1984 இல் ஒலிம்பிக் குழுவினாலேயே உருவாக்கப்பட்டது. அதன் தீர்ப்பை ஜேர்மனியக் குதிரையோட்ட வீரர் ஒருவர் சுவிட்சர்லாந்தின் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தார். மன்றம் ஒலிம்பிக் குழுவுடன் மிக நெருக்கமாகப் பிணைக்கப்பட்டிருப்பதை அந்நீதிமன்றம் 1993 இல் சுட்டிக்காட்டியது. எகிப்தியர்கள் எலிசிடம் கூறிய அதே குறை. ஆயினும் இம்முறை இரு நூற்றாண்டுகள் கழியவில்லை. மறு ஆண்டே, 1994 இல், மன்றத்தை மேற்பார்வை செய்யத் தனியான பேரவை ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அப்பேரவையின் 20 உறுப்பினர்களுள் 12 பேரை விளையாட்டு அமைப்புகளே நியமிக்கும் வகையில் விதி எழுதப்பட்டது. ஓட்டை சிறிதாகியது; அடைபடவில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. 2000 ஆம் ஆண்டு சிட்னியில், பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தில் எமது நாட்டின் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றார். முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து பயன்படுத்தியமையை 2007 இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் பதக்கம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் தாமதம். சிட்னி அரங்கில் இரண்டாம் படியில் ஏறி நிற்கும் அந்தக் கணத்தை எவராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. எனினும் பதிவு திருத்தப்பட்டது. லேயோனுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. குற்றவாளியைத் தண்டிப்பது ஒரு பாதி நீதி. பாதிக்கப்பட்டவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுப்பது மறுபாதி. பண்டைய சபை முதற்பாதியோடு நின்றுவிட்டது.

முறைப்பாட்டைக் கேட்பவர் போட்டியை நடத்துபவரின் ஆளாக இருத்தல் கூடாது. தீர்ப்பு பிழை என்று கண்டால் தண்டனையோடு நில்லாது பதிவையும் திருத்த வேண்டும். நடந்ததைப் பதிவிலிருந்து நீக்குவது திருத்தம் ஆகாது. இம்மூன்றும் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி முதல் உலகப் பெரும் போட்டிவரை எங்கும் பொருந்தும். விளையாட்டுக்கு மாத்திரம்தானா என்று வாசகர்கள் கேட்டால், அதற்கான விடையை அவரவர் அனுபவத்திற்கே விட்டுவிடுகிறேன்.

எலிஸ் தனக்கு வேண்டாத இரு ஒலிம்பிக் போட்டிகளைப் பதிவிலிருந்து நீக்கிற்று. ஆனால் செனபோனும் ஏனையோரும் எழுதிவைத்தமையால் அவற்றை நாம் இன்றும் அறிவோம். லேயோனுக்குச் சிலை இல்லை, முடியும் இல்லை. எனினும், அந்த ஓட்டம் நடந்து ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் அவ்வழியே வந்த ஒரு பயணி, வென்றவனின் சிலையைப் பற்றி எழுதும்போது, மூன்றாவது நடுவர் வேறு பெயரைச் சொன்னார் என்ற செய்தியையும் சேர்த்து எழுதினார். அதனால் லேயோனின் பெயர் நமக்குக் கிடைத்தது.

பேருந்து தரிப்பிடத்தை நோக்கி நடந்துசென்ற அந்தப் பையனின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அன்று அதை எழுத வேண்டியவனாக அங்கு நின்றவன் நான்.